முதுகு ஊசியும் தாயின் குருதியமுக்கமும்



ஹோட்டன் சமவெளிக் காடுகளின் அடிவாரத்திலே, அக்கரப்பத்தனைக்கும் அப்பால், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்திருக்கின்றது டயகம. அப்பக்கத்து மலைகளில் ஊறும் நீர் ஆக்ரா ஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியாகப் பெருகித் திருகோணமலைப் பக்கத்துக் கடலைச் சென்று சேர்கின்றது. நீருக்கு வழி எளிது. கீழ்நோக்கி ஓடினாற் போதும். பேறுகாலத்திலே சிக்கல் நேர்ந்துவிட்ட ஒரு தாய்க்கு அவ்வூரிலிருந்து வெளியேறும் வழி அத்துணை எளிதன்று. டயகமவில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. ஆனால் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால், சத்திர சிகிச்சைக் கூடமும் மயக்க மருந்து வைத்தியரும் உள்ள நுவரெலியாவுக்கு, அல்லது அத்தகைய வேறொரு பெரிய வைத்தியசாலைக்கு, வளைவும் நெளிவுமான மலைப்பாதையிலே அவளைக் கொண்டு செல்ல வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்த பின்னர் நிகழ்வனவற்றுள் ஒரு சிறு பகுதியின் வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகின்றேன். மேசையில் உட்கார்த்தி, முதுகிலே ஓர் ஊசி போடுகிறார்கள். கால்கள் சூடேறி மரத்துப் போகின்றன. அவளோ விழித்திருக்கின்றாள். அந்த ஊசிக்கும் பிள்ளையின் முதல் அழுகைக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில், கத்தியைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்து மக்கள் அதனைப் ‘பிரஷர்’ என்பர்; நம் நூல்கள் குருதியமுக்கம் என்று வழங்கும்.

மலைநாட்டுத் தாய்மாருக்கு இத்தகைய சிகிச்சை எட்டியதே அண்மைக் காலத்திற்றான். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களுள் வழியிலேயே மாண்டவர் பலர். தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி செய்தல் வேண்டும் என்று 1872ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தது. 1912இல் அது புதுக்கி அமைக்கப்பட்டது. அதன் பயனாக மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்டத்து ‘டிஸ்பென்சரி’களும் தோன்றின. எனினும் பிள்ளைப்பேறு நெடுங்காலம் லயத்துக் காம்பராவிலேயே, முதிய மருத்துவிச்சியின் கையிலேயே நடந்து வந்தது. கொழும்பிலே டி சொய்சா பிரசவ இல்லம் 1879ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது என்பது மெய்தான். கொழும்பிலே ஒன்று திறக்கப்படுவதற்கும் அது டயகமவுக்கு எட்டுவதற்கும் உள்ள தொலைவைப் புகையிரத மைல்களாற் கணக்கிட முடியாது. வேலைக்காரப் பெண்ணுக்குப் பேறுகாலச் சம்பளம் உண்டு என்ற சட்டமே 1939இற்றான் வந்தது.

இனி, முதுகு ஊசியின் கதைக்கு வருவோம்.

1847ஆம் ஆண்டின் இறுதியில் எடின்பரோ நகரத்து சிம்ப்சன் என்னும் பேராசிரியர் பிரசவ வேதனைக்குக் குளோரோபோம் கொடுக்கத் தொடங்கினார். 1853இல் விக்ரோறியா மகாராணியாருக்கே அதனைக் கொடுத்தார் யோன் சினோ என்பவர். இது முழு மயக்கத்தின் வழி. தாய் உறங்குவாள், அவளுடைய சுவாசமும் இரைப்பையும் வைத்தியரின் பொறுப்பிலே இருக்கும். வேறொரு வழியை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆந் திகதி ஜேர்மனியின் கீல் நகரத்திலே ஓகஸ்ட் பியர் கண்டார். கணுக்கால் நோயுற்ற ஒரு தொழிலாளிக்கு, முள்ளந்தண்டெலும்புகளின் இடுக்கு வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, முண்ணாணைச் சூழ்ந்து நிற்கும் நீரிலே சிறிதளவு கொக்கெயின் மருந்தைச் சேர்த்தார். தொழிலாளி விழித்திருக்கும்போதே காலில் அறுவை நடந்தது, வலி தெரியவில்லை.

எட்டு நாட்கள் கழித்துப் பியர் தம் உடம்பிலேயே அதனைச் சோதிக்க முற்பட்டார். ஊசியும் மருந்துக் குழலும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் நீர் ஒழுகிப் போயிற்று, சோதனை கெட்டது. உடனே அவருடைய உதவியாளர் ஹில்டெபிரான்ட் தம் முதுகைக் காட்டினார். மருந்து ஏறிய பின்னர் அவருடைய முழந்தாளின் கீழே சுத்தியலால் அடித்துப் பார்த்தனர், வலிக்கவில்லை. மறுநாள் இருவருக்கும் பொறுக்க முடியாத தலையிடி. அத்தலையிடிக்கு முதுகிலே துளைத்த துளை வழியாக நீர் கசிவதே காரணம் என்று பியர் ஊகித்தார். அவர் ஊகித்தது சரியே. மெல்லிய, பென்சில் முனை போன்ற ஊசிகள் பிற்காலத்தில் வந்த பின்னரே அத்தொல்லை பெரிதும் குறைந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1900இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்திலே ஒஸ்கார் கிறைஸ் என்பவர் பிரசவ வேதனையிலிருந்த பெண்கள் சிலருக்கு இம்முறையைக் கையாண்டார். வேதனை நீங்கிற்று, வாந்தியும் தலையிடியும் வந்தன. அந்த வாந்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கும்.

விந்தையான ஒரு செய்தி: கையிலே பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான றீவா ரொச்சி அமைத்தது 1896இல். முதுகு ஊசி பிறந்தது 1898இல். இரண்டும் ஏறத்தாழ உடன்பிறப்புகள். எனினும் ஒன்று மற்றொன்றை அறியப் பல ஆண்டுகள் சென்றன. அமெரிக்க அறுவை வைத்தியரான ஹார்வி குஷிங் 1901இல் பாவியா நகரத்திலே அக்கருவியைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். நாடியின் ஓசையைக் காதாற் கேட்டு அளக்கும் முறையை உருசியரான கொரற்கொவ் 1905இற்றான் வெளியிட்டார். ஆகவே முதுகு ஊசி பெற்ற முதற் தலைமுறையினரின் முகம் வெளிறுவதையும், அவர்கள் கொட்டாவி விடுவதையும், குமட்டுவதையும் கண்டார்களே ஒழிய, உள்ளே நிகழ்ந்தது யாதென்று பலரும் கண்டாரில்லர்.

உள்ளே நிகழ்வது இது. நம் உடம்பிலுள்ள குருதிக் குழாய்கள் வெறும் இறப்பர்க் குழாய்கள் அல்ல. ஒவ்வொன்றின் சுவரிலும் தசை உண்டு. அதனை ஓயாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டளை முண்ணாணிலிருந்து பரிவு நரம்புகள் வழியே சென்றுகொண்டிருக்கின்றது. தோட்டத்திலே நீர் இறக்கும் குழாயை விரலால் நெருக்கிப் பிடித்தால் நீர் விசையோடு பாயும். விரலை எடுத்தால் விசை போய்விடும் அல்லவா? முதுகு ஊசி வலியை உணர்த்தும் நரம்புகளை உறங்க வைக்கும்போது, அவற்றோடு கூடவே இப்பரிவு நரம்புகளையும் உறங்க வைத்துவிடுகின்றது. விரல் எடுபடுகின்றது. இடுப்புக்குக் கீழுள்ள குழாய்களெல்லாம் விரிகின்றன, குருதி அங்கே தங்கிவிடுகின்றது, இருதயத்துக்குத் திரும்பி வருவது குறைகின்றது, அமுக்கம் வீழ்கின்றது.

காலில் அறுவை செய்வதற்கு மருந்து இடுப்பளவு ஏறினாற் போதும். சிசேரியனுக்கோ அது மார்புக் காம்பின் மட்டம் வரை ஏற வேண்டும். வயிற்றறையின் உட்சுவருக்கு நரம்பு செல்வது அவ்வளவு உயரத்திலிருந்து. ஆகவே மகப்பேற்று மேசையில் வீழ்ச்சி கடிது. தடுப்பு ஏதும் செய்யாவிடிற் பத்துத் தாய்மாரில் ஐந்து, ஏழு பேருக்கு அமுக்கம் தாழும் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மருந்து அதற்கு மேலும் ஏறினால் இருதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளும் உறங்கி, நாடித் துடிப்பே தளர்ந்துவிடும்.

இதிலே பிள்ளையின் பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைமாதத்திலே கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி செல்கின்றது. மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புக்கள் அமுக்கம் சற்றுக் குறைந்தாலும் தம் பங்கைக் காத்துக்கொள்ள வல்லவை. கருப்பைக்கு அவ்வன்மை இல்லை என்றே சொல்ல வேண்டும். தாயின் அமுக்கம் எவ்வளவு வீழ்கின்றதோ, அவ்வளவுக்கு நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குச் செல்லும் மூச்சும் குறையும்.

இதற்கு முதல் மருந்து சீன தேசத்திலிருந்து வந்தது. ‘மா ஹுவாங்’ என்னும் செடியைச் சீன வைத்தியர் பன்னூறாண்டுகளாக இருமலுக்கும் இழைப்புக்கும் வழங்கி வந்தனர். அதனுள் அடங்கிய எபிட்ரின் என்னும் பொருளை யப்பானியரான நாகாய் 1885இற் பிரித்தெடுத்தார். பீக்கிங் நகரத்திலே சென், சிமிட் என்னும் இருவர் 1924இல் அதன் குணங்களை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். 1927இல் அமெரிக்கரான ஒக்கர்பிளாட், டிலன் என்போர் முதுகு ஊசியால் வீழும் அமுக்கத்தை அதனால் நிமிர்த்தலாம் எனக் காட்டினர். நாட்டுச் செடி ஒன்று மேனாட்டுச் சத்திர சிகிச்சைக் கூடத்திலே இடம் பெற்ற கதை இது.

ஆயினும் முதுகு ஊசிக்கு நற்காலம் உடனே வந்துவிடவில்லை. 1947 ஒக்ரோபரிலே இங்கிலாந்தின் செஸ்ரபீல்ட் நகர வைத்தியசாலையில் ஒரே நாளில் முதுகு ஊசி பெற்ற வூலி, றோ என்னும் இருவரின் கால்கள் நிரந்தரமாக முடங்கிப் போயின. அந்த வழக்கு நீதிமன்றம் ஏறிப் பத்திரிகைகளில் முழங்கிற்று. ஆங்கில வைத்தியத்தையே பின்பற்றிய நாடுகளில் ஒரு தலைமுறை மயக்க மருந்து வைத்தியர் முதுகு ஊசியைத் தொடவே அஞ்சினர். மறுபக்கத்திலே முழு மயக்கத்திலும் ஆபத்து இருந்தது. நியூயோர்க்கின் மெண்டல்சன் 1946இல் எழுதிய கட்டுரையிலே, மயக்கத்திலிருக்கும்போது இரைப்பையிலுள்ளதை நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்ட 66 தாய்மாரைப் பற்றிக் கூறினார். நிறைமாதப் பெண்ணின் இரைப்பை எளிதில் எதுக்களிக்கும். தொண்டை வீக்கத்தால் சுவாசக் குழாயைச் செலுத்துவதும் கடினம். இந்தக் காரணங்களாலே, 1970களிலிருந்து, மகப்பேற்று அறுவையில் தாயை விழித்திருக்க விடும் முறை மறுபடியும் தலையெடுத்தது. 1957இற் சுவீடனில் ஆக்கப்பட்ட புபிவக்கெயின் என்னும் மருந்து, கொக்கெயினின் கேடுகள் இன்றி அதற்குத் துணை நின்றது.

இதற்கிடையில் இன்னொரு காரணம் வெளிப்பட்டது. நிறைமாதப் பெண்கள் சிலர், மருந்து ஏதும் பெறாமலே, மல்லாந்து படுத்தால் மயங்கி வியர்த்துப் போகின்றனர் என்பதை 1953இல் அமெரிக்க வைத்தியர் மூவர் விளக்கினர். கருப்பையின் பாரம், முதுகெலும்புக்கு முன்னே ஓடும் பெருநாளத்தை அழுத்தி, கீழுடம்பின் குருதி மேலேறாமல் அடைத்துவிடுகின்றது. ஒருக்களித்துப் படுத்தால் அடைப்பு நீங்கும். பேறுகாலப் பெண்ணை இடப்பக்கமாகச் சரிந்து படு என்று மருத்துவிச்சியர் சொல்வதன் பொருள் இதுதான். பேர்மிங்ஹாமின் குறோபோட் 1972இல் அறுவை மேசையையே பக்கமாகச் சரித்து வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டினார். அன்று தொட்டுப் பதினைந்து பாகை சரிவு என்பது உலகெங்கும் விதியாயிற்று. அண்மையிலே காந்தப் படக் கருவி கொண்டு பார்த்த யப்பானிய அறிஞர், 2015இல், பதினைந்து பாகை சரித்தும் அப்பெருநாளம் திறக்கவில்லை, முப்பது பாகையேனும் வேண்டும் என்று கண்டனர். முப்பது பாகை சரித்தால் தாய் மேசையிலிருந்து உருண்டுவிடுவாளே என்று அறுவை வைத்தியர் சொல்லக்கூடும். விதி ஒன்று நாற்பது ஆண்டுகள் நின்ற பின்னர் அளந்து பார்க்கப்பட்டது! ஆயினும் அவ்வழக்கம் கைவிடப்பட்டுவிடவில்லை. கருப்பையைக் கையால் இடப்புறம் தள்ளிப் பிடித்தலும் உதவும்.

நாளத்தின் வழியே உவர்நீரைப் பாய்ச்சிக் குழாய்களை நிரப்பி வைத்தால் அமுக்கம் வீழாது என்ற கருத்து 1968இல் வந்தது. ‘சேலைன்’ போத்தல் ஏறி முடியும்வரை ஊசி போடாமற் காத்திருந்த காலமும் உண்டு. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்திலே 1993இற் செய்த சோதனை அதன் உண்மை அளவைக் காட்டிற்று. முன்கூட்டி நீர் பெறாதவருள் நூற்றுக்கு 71 பேருக்கு அமுக்கம் வீழ்ந்தது. பெற்றவருள் 55 பேருக்கு வீழ்ந்தது. பயன் உண்டு, ஆனால் சிறிது. அவசரமான தாயைப் போத்தல் தீரும்வரை காத்திருக்க வைக்கத் தேவையில்லை என்பது அதிலிருந்து பெறப்பட்டது.

இனிச் சொல்லப்போவது செம்மறியாட்டின் கதை. எபிட்ரினா, குழாய்களை நேரே இறுக்கும் வேறு மருந்துகளா, எது நல்லது என்ற கேள்விக்கு 1974இல் கலிபோர்னியாவிலே சினைப்பட்ட ஆடுகளைக் கொண்டு விடை தேடினர். றோல்ஸ்ரன், சினைடர், டிலோரிமியர் என்போர் எபிட்ரினோடு வேறு மூன்று மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். எபிட்ரின் கருப்பையின் குருதியோட்டத்தைக் காத்தது. மெதொக்சமின் போன்று இறுக்கும் மருந்துகள் அதனைக் குறைத்தன. விளைவு? இறுக்கும் மருந்து என்று பெயர் பெற்றவையெல்லாம் மகப்பேற்று அறையிலிருந்து விலக்கப்பட்டன. பினைலெப்ரின் என்னும் மருந்தும் அவற்றோடு விலக்கப்பட்டது. அந்த நான்கு மருந்துகளுள் பினைலெப்ரின் இருக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்! இனத்தைக் கண்டு தண்டித்தார்கள், குற்றத்தைக் கண்டல்ல. கால் நூற்றாண்டுக்கு மேலாக எபிட்ரின் ஒன்றே கைகண்ட மருந்தாய் இருந்தது.

இதனை மறு விசாரணைக்கு எடுத்தவர்களுள் முதன்மையானவர் ஹொங்கொங்கைச் சேர்ந்த வைத்தியர் குழுவினர். மனிதத் தாய்மாரில் நிகழ்ந்த சோதனைகளையெல்லாம் ஒருங்கு திரட்டி 2002இல் அவர்கள் ஆராய்ந்தபோது, பினைலெப்ரின் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளின் கொப்பூழ்க்கொடிக் குருதியில் அமிலம் குறைவாக இருந்தது. எபிட்ரின் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் செல்கின்றது. பிள்ளையின் உடலை விரைவாக இயங்கச் செய்கின்றது. மூச்சுக் குறைவாகக் கிடைக்கும் நேரத்திலே மூச்சுச் செலவைக் கூட்டிவிடுகின்றது. ஆட்டின் கருப்பை உண்மையைத்தான் சொன்னது. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி போதவில்லை. ஒன்றை நடுநிலையோடு சொல்லல் வேண்டும். கொடிக் குருதியிலே வேறுபாடு தெரிந்ததாயினும், சுகதேகிகளான தாய்மாரின் பிள்ளைகளின் நிலையில் அது கண்கூடான வேறுபாடாகத் தோன்றவில்லை. பினைலெப்ரினுக்கும் ஒரு குறை உண்டு. தாயின் நாடித் துடிப்பை அது தாழ்த்தும். ஆகவே எபிட்ரின் வழக்கொழிந்து போகவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே முதுகு ஊசிக்கு அதனைச் சேர்த்திருக்கின்றது.

2018ஆம் ஆண்டிலே பல நாட்டு நிபுணர் கூடி ஒரு முடிவை வெளியிட்டனர். அமுக்கம் வீழ்ந்த பின்னர் மருந்து தேடாமல், முதுகு ஊசி போட்டவுடனேயே பினைலெப்ரினைச் சிறுகச் சிறுகத் தொடர்ந்து செலுத்துக. தாயின் இயல்பான மேல் அமுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் வைத்திருக்க முயலுக. பத்தில் எட்டுப் பங்குக்குக் கீழே போக விடற்க. 120 அளவுள்ள தாய்க்கு 108ஐக் குறியாக வைத்து, 96க்குக் கீழே இறங்க இடங்கொடாமை என்று கொள்ளலாம். பன்னூறு ரூபா விலையுள்ள புதுமை எதுவும் இதில் இல்லை. ஊசி, மருந்து, கைப்பட்டி, நிமிடந்தோறும் பார்க்கும் கண் இவையே தேவை.

இப்பொழுது அந்த வாந்திக்கு வருவோம்.

அமுக்கம் வீழும்போது மூளையின் அடித்தண்டுக்குக் குருதி குறைகின்றது. அதன் முதல் அடையாளம் குமட்டல். பொஸ்ரன் நகரத்திலே பணியாற்றிய இந்தியரான சஞ்சய் தத்தா தம் குழுவினருடன் 1982இல் ஒன்றைக் காட்டினார். அமுக்கம் குறிப்பிட்ட அளவு வீழட்டும் என்று காத்திராமல், சிறிது தாழத் தொடங்கியதுமே எபிட்ரின் கொடுத்தால் குமட்டல் பெரிதும் குறைகின்றது. ஆகவே கிறைஸ் காலத்து வாந்தி, பலரிடத்திலே, அளக்கப்படாத அமுக்கத்தின் குரலாய் இருந்திருக்க வேண்டும். இன்றும் கருவி காட்டுமுன் தாய் சொல்லிவிடுவதுண்டு. தானே இயங்கும் அளவைக் கருவி கூட ஒரு முறை அளக்க அரை நிமிடம் வரை எடுத்துக்கொள்கின்றது. முதுகு ஊசிக்குப் பின்னர் பலருக்கும் நடுக்கம் எடுக்கும். நுவரெலியாக் குளிரிலே கேட்க வேண்டியதில்லை. நடுங்கும் கையில் அக்கருவி தடுமாறும், மறுபடி மறுபடி ஊதும். அந்த நேரத்திலே நம்பத்தக்க கருவி தாயின் வாய்தான்.

டயகமத் தாய் என்ன சொல்வாள்? ‘தல சுத்துது’ என்பாள்; ‘கொமட்டுது’ என்பாள்; ‘கண்ண இருட்டுது’, ‘நெஞ்ச அடைக்குது’ என்பாள். இவற்றுள் கடைசிச் சொல், அமுக்கம் வீழ்ந்ததையும் குறிக்கலாம், மருந்து மிக உயரத்துக்கு ஏறிவிட்டதையும் குறிக்கலாம். தலைமாட்டில் நிற்பவர் அச்சொற்களை அறிந்திருத்தல் வேண்டும். மலையகத்து வைத்தியசாலைகளில் வைத்தியரும் தாதியரும் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். மேசையிற் படுத்திருப்பவளோ தமிழ் மட்டும் பேசுபவளாய் இருக்கலாம். அவள் சொன்னதை ஒருவர் போய் மொழிபெயர்த்து வருவதற்குள் இரண்டு நிமிடங்கள் ஓடிவிடும். முழு மயக்கத்திலே மொழி ஒரு பொருட்டன்று. முதுகு ஊசியிலோ மொழியும் ஒரு மருந்துக் கருவியாகிவிடுகின்றது என்பது என் எண்ணம்.

இதை நம் நாட்டிலே மிக முன்னரே உணர்ந்த ஒருவர் இருந்தார். சிம்ப்சன் குளோரோபோமைக் கண்ட அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலிருந்து, தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலை வைத்தியத்தைக் கற்பித்தார். 1857இல் மகப்பேற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வெளியிட்டார். நோயாளியின் மொழியில் வைத்தியன் நினைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் எழுதிய காலத்திலே முதுகு ஊசி இல்லை, அமுக்கக் கருவி இல்லை. மொழியின் தேவையை மட்டும் அவர் அப்போதே கண்டிருந்தார். கோப்பித் தோட்டங்களுக்கு அதே ஆண்டுகளில் நடந்து வந்த தமிழருக்கு அந்த நூலின் பயன் எட்டியிருக்குமா என்பது வேறு கதை.

டயகமவிலிருந்து வரும் தாய்க்கு உரிய இன்னொரு கவனத்தையும் சொல்லியாக வேண்டும். முதுகு ஊசி எல்லாருக்கும் ஏற்றதன்று. நஞ்சுக்கொடி முன்னே கிடந்து, பாதை முழுவதும் குருதி இழந்து வந்த தாய், தன் குழாய்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உயிரைக் காத்து வருகின்றாள். அந்தப் பிடியை முதுகு ஊசி தளர்த்திவிட்டால், அமுக்கம் சரிந்து மீளாமற் போகலாம். அவளுக்கு முழு மயக்கமே தகும். குருதிச் சோகை மலைநாட்டுப் பெண்களிடையே மிகுதி. அத்தகையவர் இழக்கும் ஒவ்வொரு துளியும் கூடுதலான விலை உடையது. இதற்கு மாறான செய்தியும் உண்டு. பேறுகால உயர் அமுக்கம் உடைய தாய்க்கு முதுகு ஊசி போட்டால் அமுக்கம் அதலபாதாளத்துக்கு வீழும் என்று நெடுநாள் அஞ்சினர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரான்ஸ் நாட்டில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுகதேகிகளைக் காட்டிலும் அவர்களுக்கே வீழ்ச்சி குறைவாய் இருந்தது. ஆக, வைத்தியர் எந்த வழியைத் தெரிவது என்பது, தாய் எவ்வளவு குருதி இழந்தாள், எப்பொழுது தொடங்கிற்று, கடைசியாக எப்பொழுது உண்டாள் என்ற விடைகளைப் பொறுத்தது. வண்டியிற் கூட வருபவர் இவற்றைச் சரியாகச் சொன்னாற் பாதி வேலை முடிந்தது. வரும் வழியிலும் அவளை மல்லாந்து கிடத்தாமல் இடப்பக்கமாகச் சரித்து வைத்தல் நலம்.

பிள்ளை பிறந்ததும் காவல் முடிந்துவிடுவதில்லை. கருப்பை சுருங்குவதற்காக ஒக்சிரோசின் என்னும் மருந்து கொடுப்பர். அதனை ஒரேயடியாக விரைந்து செலுத்தினால் குழாய்கள் விரிந்து அமுக்கம் மறுபடியும் வீழும். இவ்வாறு உயிர் போனதும் பிரித்தானியாவின் மகப்பேற்று மரண விசாரணைகளிற் பதிவாகியிருக்கின்றது. அதனாலேயே இப்பொழுது அளவைக் குறைத்து மெல்ல மெல்லச் செலுத்துகின்றனர்.

தாயை வார்ட்டுக்குக் கொண்டுபோன பின்னரும் சில மணி நேரம் கைப்பட்டி கட்டியே இருக்கும். மருந்து மேலிருந்து கீழாக இறங்கி வரும். மார்பு முதலில் உணரும், பிறகு வயிறு, பிறகு தொடை. சிலர் நன்றாய் இருக்கின்றது என்று எழுந்து நடக்கப் பார்ப்பர். குழாய்களின் பிடி இன்னும் முழுதாய்த் திரும்பாமையால், எழுந்தவுடன் கண்ணிருண்டு விழுவர். ஆகையால் கால் விரல்களைத் தானாகவே அசைத்துக் காட்டும் வரைக்கும், அதன் பின்னும் ஒருவரின் தோளைப் பற்றாமல், கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்று தாதி சொல்வார். அதனையும் அவர் தமிழிலே சொன்னால் நன்று.